ஈஎம்டிஆர்: விழியசைவு ஆற்றுமுறை

"கண் அசைவு உணர்விழப்பு மற்றும் மறுசெயலாக்க சிகிச்சை." மதுரைப் பக்கம் மனநலத் துண்டறிக்கைகளில் இந்தத் தொடர் அடிக்கடி தென்படுகிறது. கொடிய நினைவுகள் தரும் வேதனையைத் தணிக்கும் ஈஎம்டிஆர் (Eye Movement Desensitization and Reprocessing) என்ற உளச்சிகிச்சைக்கான தமிழாம். பேச்சில் இது இன்னும் சுருங்கி "கண் சிகிச்சை" ஆகிவிடுகிறது. மதுரையில் கண் சிகிச்சை என்றால் ஆட்டோ நேரே அண்ணா நகர் அரவிந்த் கண் மருத்துவமனைக்குத்தான் போகும்.

அமெரிக்க உளவியலாளர் ஃபிரான்சின் ஷாப்பிரோ 1987இல் தொடங்கிய முறை இது. முதல் ஆய்வு 1989இல் வெளிவந்தது. பெயரின் கடைசிப் பகுதியான "மறுசெயலாக்கம்" பிறகு சேர்ந்தது. உளக்காயத்துக்குப் பிந்தைய நெருக்கடி (PTSD) என்ற நோய்க்கு 2013இல் உலக சுகாதார நிறுவனமும் இதைப் பரிந்துரைத்தது.

சிக்கல் "உணர்விழப்பு" என்ற சொல்லில் இருக்கிறது. கை மரத்துப்போவதும் மயக்க ஊசி போடுவதும்தான் அதைக் கேட்டதும் நினைவுக்கு வரும். அதைவிட மோசம், உணர்வு மரத்துக் கிடப்பதே இந்த நோயின் அறிகுறிகளில் ஒன்று. விபத்துக்குப் பிறகு சிரிப்பும் அழுகையும் வராமல் உட்கார்ந்திருப்பவரிடம் "உணர்விழப்புச் சிகிச்சை" என்று தாளை நீட்டினால், இருக்கிற நோயையே மருந்தாகக் கொடுப்பதாக ஆகிறது. "நினைவு நீக்கம்" என்று எழுதுவோரும் உண்டு. எந்த நினைவும் நீங்குவதில்லை. நடந்தது நடந்ததாகவே நினைவில் இருக்கும், அதன் சூடுதான் தணியும்.

அமர்வில் நடப்பதைப் பார்த்தால் பொருத்தமான சொல் தானே கிடைக்கும். பெரும்பாலும் 60 முதல் 90 நிமிடம். சிகிச்சையாளர் சற்றுப் பக்கவாட்டில் அமர்ந்து, முகத்திலிருந்து ஓர் அடிக்குச் சற்றுக் கூடுதலான தொலைவில் இரு விரல்களை இடவலமாக அசைப்பார். வந்தவர் அந்த நினைவின் மிக மோசமான காட்சியை மனத்தில் நிறுத்தி, தலையைத் திருப்பாமல் விரலைக் கண்ணால் தொடர்வார். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 24 முறை. பிறகு மூச்சு வாங்கி, "இப்ப என்ன வருது?" என்ற கேள்வி. விரல் மிக மெதுவாகப் போனால் கவனம் முழுக்க நினைவுக்குள் இழுபடும். ஒரு கால் நிகழ்காலத்தில் நிற்க வேண்டும். கண் வலித்தால் கைகளில் மாறி மாறித் தட்டலாம். மொத்தம் எட்டுக் கட்டங்கள். பதற்றத்தைத் தானே அடக்கப் பழக்கும் இரண்டாம் கட்டத்தைத் தாண்டிக் குதித்தால், வந்தவர் கலங்கிய நிலையிலேயே வீட்டுக்குப் போவார்.

சூடு தணிவதற்குத் தமிழில் "ஆறுதல்" இருக்கிறது. டீயும் புண்ணும் ஆறும். கோபமும் ஆறும் என்பதால்தான் ஔவை "ஆறுவது சினம்" என்றாள். மரத்துப்போகாமல் தணிவதைச் சொல்ல இதைவிடத் தெளிவான வேர் இல்லை.

இதே கணக்கில் "மனவடு"வும் உதவாது. வடு என்பது புண் ஆறிய பின்னும் மாறாமல் நிற்கும் தழும்பு. தீயினால் சுட்ட புண் உள்ளாறும், நாவினால் சுட்ட வடு ஆறாது என்று வள்ளுவரே பிரித்து வைத்திருக்கிறார். "மனவடு ஆற்றும் சிகிச்சை" என்று எழுதுபவர் ஆறாததை ஆற்றுவதாக எழுதுகிறார். உளக்காயம் என்றால் போதும். "மறுசெயலாக்கம்" கணினிக்குரிய சொல். அதைக் கேட்பவர் அந்த விபத்தை மறுபடி நடத்திக் காட்டச் சொல்வார்களோ என்றே பயப்படுவார்.

ஆகவே விழியசைவு ஆற்றுமுறை. நினைவை ஆற்றுவது என்பதை "நினைவாற்றல்" என்று சுருக்கினால் ஞாபகசக்தி ஆகிவிடும், அது வேண்டாம். எந்தச் சொல்லை ஆண்டாலும் பக்கத்தில் ஈஎம்டிஆர் என்று போடுங்கள். பயிற்சி பெற்றவரைத் தேடுவோருக்கு அந்தப் பெயர்தான் வழி.

அகராதியைத் திறந்து ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லுக்கும் ஒன்று வைத்து, நடுவில் "மற்றும்" போட்டு ஒட்டுவதை மொழிபெயர்ப்பு என்கிறார்கள். "மறுசெயலாக்கச் சிகிச்சை" என்று ஒற்றுப் போடக்கூட நேரமில்லை. இதே கைதான் சிகிச்சைக்கு வருபவரிடம் தரும் வினாப்படிவத்தில் "அகநிலைத் துயர அலகு" என்றும் எழுதுகிறது. கேட்க வேண்டியது இவ்வளவுதான்: "அதை நெனச்சா இப்ப எவ்வளவு கஷ்டமா இருக்கு? ஒண்ணுமே இல்லன்னா 0, தாங்கவே முடியலன்னா 10." உசிலம்பட்டியிலிருந்து பஸ் ஏறி வரும் அம்மா அதற்கு உடனே பதில் சொல்வார்.