சாவித்துவாரம் வேண்டாம், நுண்துளை போதும்

அபூர்வமான குடல் அடைப்புக்குச் ‘சாவித்துவார அறுவை சிகிச்சை’ செய்தார்கள் என்று படிக்கும்போதெல்லாம் எரிச்சலாக இருக்கிறது. ஆங்கிலத்தில் கீஹோல் சர்ஜரி என்றால் தமிழிலும் சாவி வந்தே தீர வேண்டுமா?

மருத்துவர்கள் சொல்வது லேப்ராஸ்கோப்பி. கிரேக்கத்தில் ‘லாபரா’ விலாவுக்குக் கீழே உள்ள மெத்தென்ற பகுதி, ‘ஸ்கோபெயின்’ பார்த்தல். 1901இல் ஜெர்மனி மருத்துவர் கேலிங் நாயின் வயிற்றுக்குள் பார்த்தார், 1910இல் சுவீடன் மருத்துவர் யாக்கோபேயஸ் மனித வயிற்றுக்குள் பார்த்ததை எழுதினார். முதலில் பார்வைதான், அறுவை அப்புறம் வந்தது.

சரி, சாவித்துவாரத்தில் என்ன குறை? சாவி போர்த்துக்கீசியம், துவாரம் வடமொழி. அது என் புகாரல்ல. சிகிச்சையும் வடமொழிதான், அதை யாரும் துரத்தவில்லை. இந்தச் சொல் தப்பான படத்தை மனதில் ஏற்றுகிறது என்பதுதான் புகார். சாவித்துவாரம் என்றதும் பூட்டும் அதிலுள்ள ஒற்றைத் துளையும்தான் நினைவுக்கு வரும். நடப்பதோ வேறு. வயிற்றுக்குள் கரியமில வாயுவை ஏற்றி உப்பவைப்பார்கள். பெரும்பாலும் 5 முதல் 12 மில்லிமீட்டர் அளவில் மூன்று நான்கு துளைகள் போடுவார்கள். ஒன்றில் கேமரா போகும், மற்றவற்றில் கருவிகள்.

‘அடைப்பை அகற்றினார்கள்’ என்று கூடவே எழுதுவது இன்னும் மோசம். வில்கி நோய்க்குறி என்ற அபூர்வ நோயை எடுத்துக்கொள்வோம். சிறுகுடலின் முதல் பகுதியான முன்சிறுகுடல், பெருந்தமனிக்கும் அதிலிருந்து பிரிந்து குடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிக்கும் நடுவே போகிறது. அங்கே இருக்கும் கொழுப்பு ஒரு மெத்தைபோல இரண்டையும் விலக்கி வைக்கிறது. உடல் வேகமாக மெலிந்தால் கொழுப்பு கரைந்து, தமனிகளுக்கு இடையிலான கோணம் சுருங்கி, குடல் நசுங்குகிறது. உள்ளே எதுவும் அடைத்துக்கொள்ளவில்லை, பிறகு எதை அகற்றுவது? முதலில் ஊட்டம் கொடுத்து எடையேற்றிப் பார்ப்பார்கள். பலிக்கவில்லை என்றால், நசுங்கிய இடத்துக்கு முன்னாலுள்ள குடலையும், சிறுகுடலின் அடுத்த பகுதியான இடைச்சிறுகுடலையும் திறந்து ஒன்றோடொன்று இணைத்து, உணவுக்கு மாற்றுவழி அமைப்பார்கள். எனவே ‘குடல் நெருக்கம்’ என்றோ ‘நெருக்கத்தால் வந்த அடைப்பு’ என்றோ எழுதலாம். ‘மாற்றுவழி அமைத்தார்கள்’ என்றால் விஷயம் முடிந்தது.

இத்தனையும் அந்தச் சின்னத் துளைகள் வழியாகவே நடக்கிறது. துளைதான் சின்னது, அறுவை சின்னதல்ல. இதைக் ‘கத்தியில்லாச் சிகிச்சை’ என்று எழுதுபவர்களுக்கு என்ன சொல்ல? குடலைத் திறந்து தைப்பது கத்தியில்லாமலா? லேப்ராஸ்கோப்பியை ‘லேசர் ஆபரேஷன்’ என்று சொல்வதும் பரவிவிட்டது. லேசருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, காதில் விழும் ஒலி ஒற்றுமை தவிர. மொழிபெயர்ப்பவர்கள் உள்ளே என்ன நடக்கிறது என்று மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இவ்வளவு குழப்பம் வராது.

நல்ல சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது: நுண்துளை அறுவை சிகிச்சை. துளையின் அளவை மட்டும் சொல்கிறது, எண்ணிக்கையில் பொய் சொல்லவில்லை, அறுவையை மறைக்கவும் இல்லை. கருவியைத் தனியாகக் குறிக்க வேண்டுமானால் ‘வயிற்று அகநோக்கி’ என்று எழுதலாம்.