சுண்டெலியிடம் ஆட்டிசத்தை எப்படி அளக்கிறார்கள்?

'ஆட்டிசத்துக்கு மருந்து: எலிகளிடம் வெற்றி' என்ற செய்தி அவ்வப்போது கீழக்கரை, மண்டபம் வாட்ஸ்அப் குழுக்களிலும் சுற்றுகிறது. சுண்டெலிக்கு ஆட்டிசம் வருவதில்லை. பழகுவதில் குறைவு, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வது என்ற இரண்டின் சாயலைத்தான் அதனிடம் அளக்கிறார்கள்.

அந்தச் சாயலை உண்டாக்க ஒரு வழி, மரபணுவை முடக்குவது. மனிதரில் ஆட்டிசத்தோடு தொடர்புள்ள ஷாங்க்3 மரபணுவின் ஒரு வடிவத்தை இழந்த சுண்டெலி, தோல் புண்ணாகும்வரை தன்னையே நக்கிச் சொறிந்துகொள்ளும் என்று 2011-இல் காட்டினார்கள். இன்னொரு வழி, சினையான எலிக்குச் சுமார் 12-ஆம் நாளில் வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்தை ஊசியாகப் போடுவது. இங்கே அடிக்கடி நடக்கும் பிழை கணக்கில்தான். மருந்து ஏறியது தாய்க்கு. அதன் எட்டுக் குட்டிகளை எட்டுத் தனிச் சோதனைகளாக எண்ணினால் முடிவு பொய்யாக வலுக்கும். ஓர் ஈற்றுக் குட்டிகள் எல்லாவற்றையும் ஒன்றாகவே கணக்கில் கொள்ள வேண்டும்.

பழகுதலை அளப்பது மூன்று அறைப் பெட்டி. சுண்டெலியை முதலில் 10 நிமிடம் உலவவிடுவார்கள். பிறகு ஒரு பக்க அறையில் கம்பிக் கூண்டுக்குள் அறிமுகமில்லாத சுண்டெலி, மறுபக்கம் வெறும் கூண்டு. இன்னொரு 10 நிமிடம். 600 விநாடியில் எந்தக் கூண்டை எவ்வளவு நேரம் மோந்தது என்பதே கணக்கு. ஒரு பக்கம் வெளிச்சம் கூடினாலே இருட்டான பக்கம் ஒதுங்கும். அதை 'பழக விரும்பவில்லை' என்று எழுதிவிடக்கூடும். அதனால் வெளிச்சத்தைச் சமமாக வைத்து, ஒவ்வொரு முறையும் கூண்டுகளைப் பக்கம் மாற்றுவார்கள். கூண்டில் இருக்கும் சுண்டெலியையும் முன்பே அதில் பழக்கிவிட வேண்டும். இல்லையென்றால் அது கம்பியைக் கடித்தே சோதனையைக் கெடுக்கும்.

ராமநாதபுரம் கடற்கரையில் இப்படி ஒரு கூடம் வைத்தால் முதல் தலைவலி ஈரக்காற்று. காற்றின் ஈரப்பதம் 30 முதல் 70 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பொது விதி; ஏசி நின்றால் இங்கே ஈரப்பதம் அந்த அளவுக்குள் நிற்காது. படுக்கைத் தூள் நமத்து அம்மோனியா ஏறும். ஒவ்வொரு சுண்டெலிக்குப் பிறகும் பெட்டியை 70 சதவீத ஆல்கஹாலால் துடைத்து, வாடை போகும்வரை காத்திருக்க வேண்டும். பக்கத்தில் கருவாடு காய்கிறதென்றால் இன்னும் சிக்கல். ஆண் ஆய்வாளரின் உடல் வாடைக்கே சுண்டெலியின் வலி உணர்வு மாறுகிறது என்று 2014-இல் ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. மின்சாரம் போய் இன்வெர்ட்டர் ஓடினால் நம் காதுக்கு எட்டாத மீயொலி கிளம்பலாம். குட்டிகள் தாயைக் கூப்பிடுவதும் அதே மீயொலியில்தான் என்பதால் பதிவு பாழாகும்.

திரும்பச் செய்யும் பழக்கத்தை அளப்பது கோலிக்குண்டு: 5 சென்டிமீட்டர் ஆழத் தூளின்மேல் 20 குண்டு வைத்து, 30 நிமிடத்தில் சுண்டெலி மூன்றில் இரண்டு பங்காவது தூளால் மூடிய குண்டுகளை மட்டும் எண்ணுவது. பலர் இதைக் கவலையின் அளவு என்பார்கள். ஆனால் சுண்டெலி சும்மா தோண்டினாலும் குண்டு புதையும்.

ஆட்டிசத்தோடு தொடர்புள்ள இன்னொரு மரபணுவான எஃப்எம்ஆர்1 முடங்கிய சுண்டெலியிடம் பல கோளாறுகளைச் சரிசெய்த வகையைச் சேர்ந்த மருந்து மேவோகுளூரன்ட். அதே மரபணுக் கோளாறு உள்ள இளையோரிடமும் பெரியவர்களிடமும் நடந்த சோதனைகளின் முடிவு 2016-இல் வெளியானது. போலி மாத்திரையைவிட அது மேலாக வேலை செய்யவில்லை. அங்கே அளவுகோலாக இருந்தது, பராமரிப்பவர்கள் நிரப்பிக் கொடுத்த நடத்தைப் படிவம்.