கன்டெய்னரின் எடைக்கு யார் பொறுப்பு?

சரக்கு நிரப்பிய கன்டெய்னர் கப்பலில் ஏற வேண்டுமானால், அதன் மொத்த எடையை முறையாக அளந்து முன்கூட்டியே எழுத்தில் கொடுத்தாக வேண்டும். சோலாஸ் என்னும் கடல் பாதுகாப்பு உடன்படிக்கையின் இந்த விதி 2016 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. இப்படிச் சரிபார்த்த மொத்த எடையைத் துறைமுகத்தில் வி.ஜி.எம். (Verified Gross Mass) என்பார்கள். அது வராவிட்டால் பெட்டியை ஏற்றக் கூடாது.

பொறுப்பு யாருக்கு என்பதில்தான் பலரும் குழம்புகிறார்கள். கப்பல் நிறுவனம் தரும் சரக்குச் சீட்டான பில் ஆஃப் லேடிங்கில் அனுப்புநர் என்று யார் பெயர் இருக்கிறதோ, அவருக்கே. எடை போடும் வேலையை ஏஜென்டிடமோ கிடங்கிடமோ விடலாம். பதில் சொல்ல வேண்டியவர் மாறுவதில்லை.

அளப்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. சரக்கை நிரப்பி சீல் வைத்த பெட்டியை அப்படியே எடைமேடையில் ஏற்றுவது ஒன்று. லாரியோடு சேர்த்து எடை போட்டால் லாரி, டிரெய்லர், டேங்கில் உள்ள டீசல் எல்லாவற்றையும் கழிக்க வேண்டும். ஒரே லாரியில் இரண்டு 20 அடிப் பெட்டிகள் இருந்தால் தனித்தனியாகத்தான் போட வேண்டும். மொத்தத்தைப் பாதியாக்கிக் கொடுப்பது செல்லாது. இரண்டாவது வழி, உள்ளே போகும் ஒவ்வொரு பொதியையும் எடைபோட்டு, பேலட், முட்டுக்கட்டை, கட்டும் பொருள்கள் ஆகியவற்றின் எடையையும் சேர்த்து, கதவில் எழுதியிருக்கும் காலிப் பெட்டி எடையைக் கூட்டுவது. பழைய இரும்பு, மூட்டை கட்டாத தானியம் போன்றவற்றுக்கு இது ஒத்துவராது. உத்தேசக் கணக்கு இரண்டு வழியிலுமே கூடாது.

இவ்வளவு கெடுபிடி எதற்கு? கனமான பெட்டி கீழே, லேசானது மேலே என்று அடுக்குவது, கொடுத்த எடையை நம்பித்தான். 2007 ஜனவரியில் ஆங்கிலக் கால்வாயில் எம்.எஸ்.சி. நேப்போலி என்ற கப்பலின் உடல் உடைந்தது. உடலின் வலுவிலேயே குறை இருந்தது, எல்லாப் பழியையும் எடைமீது போட முடியாது. ஆனாலும் மேல்தளத்தில் நனையாமல் இருந்த பெட்டிகளை எடைபோட்டுப் பார்த்தபோது, ஐந்தில் ஒன்று சொன்ன எடையிலிருந்து 3 டன்னுக்கு மேல் விலகியிருந்தது. ஒன்றில் வித்தியாசம் 20 டன்!

சரி, எடையைச் சரியாகக் கொடுத்துவிட்டால் போதுமா? கதவில் அடித்திருக்கும் சி.எஸ்.சி. தகட்டையும் பார்க்க வேண்டும். பாதுகாப்பான கன்டெய்னர்களுக்கான 1972-ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி (சி.எஸ்.சி.) வரும் தகடு இது. பெட்டி தாங்கும் அதிகபட்ச மொத்த எடை, அதன்மேல் அடுக்கக்கூடிய பாரம் இரண்டும் அதில் இருக்கும். நீங்கள் அளந்த எடை அந்த வரம்பைத் தாண்டினால் சரக்கைக் குறைக்க வேண்டியதுதான். பெட்டி நல்ல நிலையில் இருக்கிறதா என்ற பரிசோதனையும் உண்டு. பெட்டி செய்த 5 ஆண்டுகளுக்குள் முதல் பரிசோதனை, பிறகு 30 மாதங்களுக்கு ஒருமுறை. அல்லது உரிமையாளர் அனுமதி பெற்ற தொடர் பரிசோதனைத் திட்டம் ஒன்றில் பெட்டி இருக்க வேண்டும்.

ஒரே இடத்தில் கிடங்காக நிற்கும் பழைய கன்டெய்னருக்கு இந்தப் பரிசோதனை தேவையில்லை. அப்புறம் என்றாவது அதில் சரக்கு வைத்துக் கப்பலில் அனுப்ப நினைத்தால், முதலில் இந்தப் பரிசோதனையை முடித்துவிட்டு இடம் பதிவு செய்யுங்கள்.