சோப்பு போன இடத்தில் 'முருகா' வந்தபோது

வேண்டாத பயம் திரும்பத் திரும்ப வந்து, கழுவுவது போன்ற ஒரே செயலை மறுபடி மறுபடி செய்ய வைக்கும் எண்ணச் சுழற்சி நோய், அதாவது ஓ.சி.டி.க்கான நடத்தை சிகிச்சையை ஒரே வகுப்பில் விளக்கிவிடலாம். எதைத் தொட்டால் பயமோ அதைத் தொட வேண்டும், தொட்டபின் கழுவக் கூடாது. இதைத்தான் எதிர்கொள்ளும் பயிற்சி என்கிறோம். இந்த நோய்க்குப் பெரிதாகத் தீர்வு இல்லை என்று கருதப்பட்ட காலத்தில், லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் பணியாற்றிய உளவியலாளர் விக்டர் மேயர், இரண்டு நோயாளிகளுக்கு இப்படிச் சிகிச்சை அளித்ததை 1966இல் எழுதினார். இன்றும் அடிப்படை அதுதான்.

கடினம் எல்லாம் அதற்குப் பிறகு இருக்கிறது. இளம் உளவியலாளர்களுக்குப் பயிற்சி தரும்போது என் நேரம் பெரும்பாலும் அங்கேதான் போகிறது.

சம்மதம் பெற்று எடுத்த ஒரு காணொளியைச் சொல்கிறேன், அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். ஒரு பெண் செருப்பின் அடிப்பாகத்தைத் தொட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார். பதற்றம் நூற்றுக்கு 80 என்கிறார். கால் மணி நேரத்தில் 20 ஆகிவிடுகிறது. சிகிச்சை தந்த பயிற்சி உளவியலாளருக்கு மகிழ்ச்சி. பதிவை ஒலி இல்லாமல் மறுபடி ஓட்டிப் பார்த்தோம். மடியில் இருந்த இடது கையில், கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்கள் மீது ஒவ்வொன்றாக ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. அடுத்த முறை வந்தபோது கேட்டோம். "நூத்தியெட்டு தடவ முருகான்னு சொல்லிட்டா பாப்பாவுக்கு ஒண்ணும் ஆகாது மேடம்" என்றார்.

சோப்பு போன இடத்தில் 'முருகா' வந்திருந்தது. பக்தியோடு சொல்லும் முருகன் பெயருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எண்ணிக்கை தவறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்ற கட்டாயமும், சொல்லி முடித்ததும் கிடைக்கும் நிம்மதியும்தான் இங்கே நோய். அந்த நிம்மதி ஒவ்வொரு முறையும் 'சொன்னதால்தான் தப்பித்தோம்' என்று மூளைக்குக் கற்றுக்கொடுக்கிறது. கழுவுவதும் இதைத்தான் செய்தது. ஆகவே நோயாளி அமைதியாக இருந்தால் நிறையக் கேட்க வேண்டும்: "இப்ப மனசுக்குள்ள என்ன ஓடுது?"

சில நேரம் சிகிச்சையாளரே சோப்பாகிவிடுவார். "ஒண்ணும் ஆகாதும்மா, நானே தொட்டேன் பாருங்க" என்பது அன்பான வார்த்தை. முதல் ஓரிரு அமர்வுகளில் தொட்டுக் காட்டுவது உதவும். அதற்குப் பிறகும் தொடர்ந்தால், நோயாளி தன் பயத்தைச் சோதிப்பதை விட்டுவிட்டு நம் முகத்தைப் பார்த்துத் தைரியம் வாங்கிக்கொண்டு போவார். வீட்டில் அந்த முகம் இருக்காது.

பதற்ற எண் இறங்கும்வரை காத்திருப்பதே குறிக்கோள் என்றுதான் நாங்கள் படித்தோம். உளவியல் ஆய்வாளர் மிஷெல் கிராஸ்க் குழுவினர் 2014இல் எழுதிய கட்டுரை கவனத்தை வேறு இடத்துக்குத் திருப்பியது: நடக்கும் என்று அஞ்சியது நடக்கவில்லை என்பதை நோயாளி நேரில் காண வேண்டும். எனவே தொடும் முன் "என்ன நடக்கும்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டு எழுதி வைக்கிறோம். "பாப்பாவுக்கு ராத்திரிக்குள்ள காய்ச்சல் வரும்" என்று அவர் எழுதினால், மறுநாள் அந்தத் தாளை எடுத்து அவரே படிக்கிறார். பிறகு அதே பயிற்சி பேருந்து நிலையத்தில், கடைசியில் அவர் வீட்டு அடுப்படியில். அறைக்குள் மட்டும் வென்ற பயம் வீட்டு வாசலில் திரும்பவும் வந்து நிற்பதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

நம் வீடுகளில் தீட்டு என்ற எண்ணமும் சேர்ந்துகொள்கிறது. துக்க வீட்டுக்குப் போய் வந்தால் தலைக்குக் குளிப்பது வழக்கம். அதையும் நிறுத்தச் சொல்லும் சிகிச்சையாளரை அந்தக் குடும்பம் மறுபடி நம்பாது. மாமியார் பத்து நிமிடத்தில் குளித்து வந்துவிடுகிறார், மருமகள் இரண்டு மணி நேரமாகியும் வெளியே வரவில்லை என்றால், எல்லை எங்கே என்று அந்த வீடே சொல்லிவிடுகிறது. வீட்டாரிடம் கேட்காமல் பயிற்சிப் பட்டியல் போடவே கூடாது என்பேன்.

"கேஸ் மூடியாச்சா?" என்று மனைவி கேட்கும் ஒவ்வொரு முறையும் "மூடிட்டேன்மா" என்று பதில் சொல்லும் கணவருக்கும் பயிற்சி வேண்டும். திடீரென்று பதிலை நிறுத்தினால் சண்டைதான் வரும். எத்தனை முறை வரை பதில் சொல்வது, எப்படிக் குறைப்பது என்பதை இருவரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும்.

இந்தத் திறன்கள் சான்றிதழ் வகுப்புகளில் வருவதில்லை. நம் அமர்வை மூத்தவர் ஒருவர் பார்த்து, "அவர் அழுததும் ஏன் நிறுத்தினீர்கள்?" என்று கேட்க வேண்டும். நோயாளியின் கண்ணீரைத் தாங்க முடியாமல் பயிற்சியைப் பாதியில் முடிப்பதும் ஒரு தவிர்ப்புதான், இந்த முறை சிகிச்சையாளருடையது. அதே நேரம் கட்டாயப்படுத்தி எதையும் தொட வைப்பதற்கு இந்தச் சிகிச்சையில் இடமே இல்லை.

சிகிச்சை தேடுபவர்கள் தயங்காமல் கேளுங்கள்: இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு செய்த மருத்துவ உளவியலாளரா? ஓ.சி.டி.க்கு எதிர்கொள்ளும் பயிற்சி தருவாரா, பேச்சோடு நிறுத்திவிடுவாரா? தேவைப்பட்டால் வீட்டுக்கு வருவாரா? நோய் கடுமையாக இருந்தால் மனநல மருத்துவர் தரும் மாத்திரையும் சேர்ந்தே தேவைப்படலாம்; பயிற்சி தொடங்கிவிட்டோமே என்று அதை நீங்களாக நிறுத்த வேண்டாம். யாரை அணுகுவது என்று தெரியாவிட்டால், அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் இலவச எண் 14416இல் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.