ரோட்வர்தி இருக்கிறது, சரி. யார் எடுத்தது, எப்போது எடுத்தது?

"ரோட்வர்தி எடுத்தாச்சு, கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்" என்று விற்கிறவர் சொன்னால் அந்த இடத்தில்தான் கண்ணை நன்றாகத் திறக்க வேண்டும். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வண்டி ரிப்பேர் பார்ப்பதோடு, பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்காக வண்டியைப் பார்த்துச் சொல்லும் வேலையும் செய்கிறேன். ரோட்வர்தி என்பது வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானது என்று சோதனை நிலையம் கொடுக்கும் சான்றிதழ். அந்தக் காகிதம் பெரும்பாலும் பொய் இல்லை. ஆனால் அது சொல்வது நீங்கள் நினைப்பதைவிட ரொம்பக் கொஞ்சம்.

தமிழ்நாட்டிலிருந்து இங்கே வேலைக்கு வந்தவர்கள் பலரும், கண்ணாடியில் ஒட்டியிருக்கும் லைசென்ஸ் டிஸ்க்கை (வண்டிக்கான வருட உரிமச் சீட்டு) வருடா வருடம் புதுப்பிக்கும்போதே வண்டியையும் யாரோ பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். யாரும் பார்ப்பதில்லை. பணம் கட்டினால் டிஸ்க் வந்துவிடும். தென்னாப்பிரிக்காவில் சொந்த உபயோகக் காருக்கு ரோட்வர்தி சோதனை என்பது சாதாரணமாக வண்டி கை மாறும்போது மட்டும்தான். ஒருவர் 12 வருடம் ஒரே காரை ஓட்டியிருந்தால் அந்த 12 வருடத்தில் பிரேக்கை எந்த நிலையத்திலும் காட்டாமலே இருந்திருக்கலாம், அதில் சட்டப்படி தப்பும் இல்லை. பிரிட்டனில் நம்பரைத் தட்டினால் ஒரு காரின் பழைய சோதனை முடிவுகள், எதில் தேறியது, எதில் தேறவில்லை, அப்போது எத்தனை மைல் ஓடியிருந்தது என்பதெல்லாம் இலவசமாக வந்துவிடும். இங்கே அப்படித் தட்டிப் பார்க்க ஒன்றும் கிடையாது. அதனால்தான் கையில் இருக்கும் அந்த ஒரே ஒரு சோதனையை யார் செய்ய வைத்தார்கள் என்பது இவ்வளவு முக்கியமாகிறது.

பெயர் மாற்றத்துக்கு இந்தச் சான்றிதழ் 60 நாள்தான் செல்லும். பெண் பார்க்க வருகிற அன்றைக்கு வீட்டைப் பெருக்கி வைப்பது மாதிரி, சோதனை நாளுக்காகவே வண்டியைத் தயார் செய்கிறவர்கள் உண்டு. நல்ல டயரை இரவல் வாங்கி மாட்டுவார்கள், சோதனை முடிந்ததும் கழற்றிவிடுவார்கள். போன வருடம் ஒரு பையன் செகண்ட் ஹேண்ட் போலோ கார் ஒன்றைக் கொண்டுவந்தான். "அண்ணே, ரோட்வர்தி பாஸ், தேதிகூட அஞ்சு வாரம்தான் ஆகுது, சும்மா ஒரு பார்வை பாருங்க" என்றான். முன்பக்க டயர் இரண்டும் உள் ஓரத்தில் கம்பி தெரிகிற அளவுக்குத் தேய்ந்திருந்தன. டயர் பள்ளத்தின் ஆழம் சட்டம் கேட்பதே ஒரு மில்லிமீட்டர்தான், அதுகூட அங்கே இல்லை. ஐந்து வாரத்தில் டயர் அப்படித் தேயாது. சக்கர நட்டுகளில் மட்டும் புதிதாக ஸ்பேனர் பட்ட பளபளப்பு, சுற்றிலும் பழைய துரு. எனக்கு அதற்கு மேல் கேள்வி எதுவும் இருக்கவில்லை.

வண்டியே உள்ளே போகாமல் சான்றிதழ் மட்டும் வெளியே வருகிற கதையும் உண்டு. அப்படிக் கொடுத்ததற்காகச் சோதனை நிலைய ஆட்கள் கைதாகும் செய்தி அவ்வப்போது வந்துகொண்டுதான் இருக்கிறது.

ஒழுங்காக நடந்த சோதனையே ஆனாலும் அது எதைப் பார்க்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். உருளையில் ஏற்றி பிரேக், பள்ளத்தில் இறங்கி ஸ்டியரிங், சஸ்பென்ஷன் ஆட்டம், அப்புறம் விளக்கு, வைப்பர், கண்ணாடி, சீட் பெல்ட், டயர், எண்ணெய்க் கசிவு, சேஸி நம்பரும் எஞ்சின் நம்பரும் பதிவோடு ஒத்துப்போகின்றனவா என்பது. எஞ்சினுக்குள் கம்ப்ரஷன் எப்படி, கியர்பாக்ஸ் இன்னும் எத்தனை நாள் தாங்கும், டைமிங் பெல்ட் எப்போது மாற்றினார்கள், கிலோமீட்டரைத் திருப்பி வைத்திருக்கிறார்களா, இதெல்லாம் அவர்கள் வேலையே இல்லை. ஏசி வேலை செய்யாவிட்டாலும் பாஸ்தான்.

என்னைக் கேட்டால், முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் நீங்கள் தேர்ந்தெடுக்கும் நிலையத்துக்கு, நீங்களும் கூடவே போய், வண்டியைப் புதிதாகச் சோதிக்க வையுங்கள். கட்டணம் உங்கள் கையிலிருந்து போனாலும் பரவாயில்லை. பாஸ் ஆனால் சந்தோஷம். ஃபெயில் ஆனால் எனக்கு இன்னும் சந்தோஷம், ஏனென்றால் என்னென்ன கோளாறு என்று எழுதிய தாள் கையில் கிடைக்கும், அதை வைத்துப் பேரம் பேசலாம். 14 நாளுக்குள் சரிசெய்து திரும்பக் கொண்டுபோனால் மறுசோதனைக்கும் வழி இருக்கிறது. விற்கிறவர் "எதுக்கு மறுபடியும், அதான் இருக்கே" என்று இழுத்தால் அவர் வேறு ஆளைப் பார்க்கட்டும், நீங்கள் வேறு வண்டியைப் பாருங்கள்.

பதிவுச் சான்றிதழின் அசலைக் கேட்டு வாங்கிப் படியுங்கள், போட்டோகாப்பி வேண்டாம். டைட்டில் ஹோல்டர் (சட்டப்படி உரிமையாளர்) என்ற இடத்தில் வங்கியின் பெயர் இருந்தால் கடன் இன்னும் முடியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே தாளில் வண்டியின் நிலை இருக்கும்: புதியது என்றால் கோட் 1, பழையது என்றால் 2, உடைந்து மறுபடி கட்டியது 3. 3ஏ என்றால் உதிரிபாகத்துக்கு மட்டும், 4 என்றால் மறுபடி ரோட்டுக்கே வரக்கூடாது. இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. காப்பீட்டு நிறுவனம் "ரிப்பேர் செலவு கட்டுப்படியாகாது" என்று கைகழுவிய வண்டி, ஏலத்தில் போய், பட்டி பார்த்து பெயிண்ட் அடித்து, அப்போதும் கோட் 2 ஆகவே உங்கள் முன்னால் வந்து நிற்கலாம். அதற்குத்தான் தென்னாப்பிரிக்கக் காப்பீட்டுச் சங்கத்தின் இணையதளத்தில் வின்-லுக்கப் என்று ஒரு வசதி வந்திருக்கிறது. சேஸி நம்பரைப் போட்டுப் பாருங்கள், இரண்டு நிமிட வேலை.

நம் பக்கத்தில் இன்னொரு தொல்லை, வெள்ளம். 2022 ஏப்ரலில் நம் குவாசூலு நட்டால் மாகாண வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகள் எல்லாமே காயலான் கடைக்குப் போய்விடவில்லை. சீட் பெல்ட்டைக் கடைசிவரை முழுதாக இழுத்துப் பாருங்கள். கடைசி ஒரு முழத்தில் சேற்றுக் கறை கோடு போட்ட மாதிரி நிற்கும், எவ்வளவு கழுவினாலும் அந்த இடத்தை யாரும் கழுவுவதில்லை. டிக்கியில் ஸ்டெப்னிக்கு அடியிலும், சீட் தண்டவாளத்திலும் துரு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். கடலோர ஊர், வெளியே துரு இருப்பது சகஜம். வண்டிக்குள்ளே ஏன் இருக்க வேண்டும்?

ஹார்பர் வழியாக ஜப்பான் பழைய வண்டிகள் பக்கத்து நாடுகளுக்குப் போவதைப் பார்த்திருப்பீர்கள். அதில் ஒன்று மலிவாக இங்கேயே கிடைக்கிறது என்று யாராவது வந்தால் விலையைக்கூடக் கேட்காதீர்கள், உங்கள் பெயரில் பதிவாகாது.

டீலரிடம் வாங்கினால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால் ரிப்பேர், மாற்று, பணம் திரும்ப என்று கேட்க உரிமை உண்டு. ஒத்துவரவில்லை என்றால் வாகனத் துறைக்கென்றே இருக்கும் ஓம்பட்ஸ்மனிடம், அதாவது புகார் விசாரிக்கும் அமைப்பிடம் போகலாம். தனியாளிடம் வாங்கும்போது அந்தச் சட்டம் வராது. ஒப்பந்தத்தில் ஃபூட்ஸ்டூட்ஸ் என்று எழுதியிருந்தால் உள்ளது உள்ளபடி வாங்கிக்கொண்டீர்கள் என்று அர்த்தம். தெரிந்தே குறையை மறைத்து ஏமாற்றினார் என்றால் அவர் அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாதுதான், ஆனால் தெரிந்தே செய்தார் என்று நிரூபிப்பது உங்கள் தலையில் விழும். அதனால் "ஆக்சிடென்ட் ஆச்சா? வெள்ளத்தில் நின்றதா?" என்பதை வாட்ஸ்அப்பில் கேளுங்கள், வாயால் கேட்காதீர்கள்.

எல்லாம் சரியாக இருந்து வாங்கிவிட்டீர்களா? விற்றவர் உரிமை மாற்ற அறிவிப்பைக் கொடுக்க வேண்டும், நீங்கள் 21 நாளுக்குள் உங்கள் பெயரில் பதிவு செய்ய வேண்டும். லைசென்சிங் ஆபீஸ் வரிசைக்குப் பயந்து தள்ளிப்போடாதீர்கள், ரோட்வர்தியின் 60 நாள் கணக்கு சோதனை நடந்த அன்றே ஓட ஆரம்பித்துவிட்டது, நீங்கள் வாங்கிய அன்று அல்ல.