கிளினிக் வரிசையைக் குறைக்க ஒரு துண்டுக் கடிதம்

பெரியாஸ்பத்திரி கிளினிக்கில் விடியற்காலையே வந்து காத்திருக்கிறவர்களில் பலர் அங்கே வரவே தேவையில்லாதவர்கள் என்றால் கோபிக்காதீர்கள், அவர்களுக்கு நோய் இல்லை என்று சொல்ல வரவில்லை. சீனியும் பிரஷரும் கட்டுக்குள் இருக்கிறது, போன மாதம் எழுதிய அதே மருந்தை இந்த மாதமும் கிளினிக் கொப்பியில் எழுதி வாங்க வேண்டும், அவ்வளவுதான். அதற்காகத் தோட்டத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து நம்பர் எடுக்க ஒரு வரிசை, டொக்டரைப் பார்க்க ஒரு வரிசை, மருந்துக்கு இன்னொரு வரிசை. அன்றைக்குக் கொழுந்து பறிக்க மலைக்குப் போக முடியாது, பேரும் போச்சு, அதாவது அன்றைய நாள் சம்பளம் போச்சு.

ஹட்டன் பக்கம் குடும்ப வைத்தியராக இருக்கிறேன். நம் நாட்டில் யாரும் எந்தக் கடிதமும் இல்லாமல் எந்த அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்கும் நேராகப் போகலாம், காசும் கிடையாது. அந்த உரிமையில் யாரும் கை வைக்கக் கூடாது. ஆனால் தடிமன்காரரும் நெஞ்சு வலிக்காரரும் ஒரே வரிசையில் நிற்பதும் அதனால்தான்.

என்னைக் கேட்டால், பக்கத்து டொக்டருக்கும் பெரியாஸ்பத்திரிக்கும் இடையில் கடிதம் போய் வந்தாலே பாதிச் சிக்கல் தீரும். நான் அனுப்பும் கடிதத்தில் என்ன நோய், எத்தனை வருடமாக, என்ன மருந்து எந்த அளவில், கடைசி இரத்தப் பரிசோதனை என்ன, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, இப்போது எதற்காக அனுப்புகிறேன் என்று இருக்கும். அரைப் பக்கம் போதும். இதை வைத்திருப்பவருக்கு அங்கே இன்னொரு முறை இரத்தம் எடுக்கத் தேவையில்லாமல் போகலாம். சிங்களம் சரளமாக வராத ஒரு அம்மா, நெரிசலில் நின்று தன் வருத்தத்தையெல்லாம் அரைகுறையாகச் சொல்லித் தடுமாறவும் வேண்டியதில்லை.

போகிற கடிதமாவது பரவாயில்லை, திரும்பி வருவதுதான் அபூர்வம். வார்டில் இருந்து வீடு போகிறவருக்கு என்ன நோய், என்ன வைத்தியம் என்று எழுதிய டயக்னோசிஸ் கார்ட் கிடைக்கும், கிளினிக்கில் பார்த்தவருக்கு அதுவும் இல்லை. "இவருக்கு நிலைமை சீராக இருக்கிறது, இனி மாதா மாதம் அங்கேயே பாருங்கள், ஆறு மாதத்தில் ஒரு தடவை இங்கே அனுப்புங்கள்" என்று இரண்டு வரி எழுதித் தந்தால் வரிசையில் ஒரு ஆள் குறையும்.

சரி, தனியார் டொக்டரிடம் மாதா மாதம் காசு கொடுக்க முடியுமா? லயத்தில் இருக்கும் பல குடும்பங்களுக்கு முடியாது, நியாயம்தான். அதனால் இந்த வேலை முக்கியமாகப் பக்கத்துப் பிரதேச வைத்தியசாலைக்கும் ஆரம்ப மருத்துவப் பராமரிப்புப் பிரிவுக்கும் போக வேண்டும், பெரியாஸ்பத்திரி எழுதும் அதே மருந்து அங்கேயும் தட்டுப்பாடில்லாமல் இருக்க வேண்டும். மருந்து இல்லாத இடத்துக்குப் போகச் சொன்னால் யார் போவார்?

காத்திருப்பது வெறும் அலுப்பும் இல்லை. சீனி பார்க்க வெறும் வயிற்றில் வரச் சொன்னால், சிலர் காலை மருந்தை மட்டும் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் வந்துவிடுகிறார்கள். கிளிக்லசைட் என்ற சீனிக் குளிசை போடுகிறவருக்கோ இன்சுலின் ஏற்றுகிறவருக்கோ பத்து மணிக்குள் வியர்த்து, கை நடுங்கி, சீனி இறங்கி மயக்கமே வந்துவிடலாம். இரத்தம் கொடுத்து, சாப்பிடும் நேரத்தில் போட வேண்டிய மருந்து அது. பிஸ்கட்டும் ஒரு டொபியும் பையில் இருக்கட்டும்.

இப்போதைக்கு நீங்கள் செய்யக்கூடியது, பக்கத்தில் ஒரே டொக்டரிடம் தொடர்ந்து காட்டுவது. போகும்போது கிளினிக் கொப்பி, டயக்னோசிஸ் கார்ட், பழைய ரிப்போர்ட்டுகள், வீட்டில் இருக்கும் மருந்து உறைகள் எல்லாவற்றையும் ஒரே பையில் கொண்டு போங்கள். பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினால் கடிதம் கேளுங்கள், அங்கிருந்து வரும்போதும் கேளுங்கள், கேட்பதில் வெட்கமில்லை.

ஒன்று மட்டும். நெஞ்சில் பாரம், ஒரு பக்கக் கை கால் விழுவது, வாய் கோணுவது, மூச்சு முட்டுவது என்றால் கடிதத்துக்காக என்னிடமோ வேறு டொக்டரிடமோ வந்து நிற்க வேண்டாம், உடனே 1990க்கு அடியுங்கள். அம்புலன்ஸுக்குக் காசில்லை.