சொல் விளக்கம்: லைப்போசக்‌ஷன் 'கொழுப்புக் கரைப்பு' ஆகுமா?

சென்ற மாதம் அண்ணன் மகள் ஒரு மருத்துவமனையின் ஒப்புதல் படிவத்தை என்னிடம் நீட்டி, "கரைப்பு என்றுதானே சித்தப்பா போட்டிருக்கிறார்கள், ஊசி போட்டு அனுப்பிவிடுவார்கள் இல்லையா?" என்று கேட்டாள். தலைப்பில் 'கொழுப்புக் கரைப்புச் சிகிச்சை' என்று இருந்தது. அவளுக்குச் செய்யவிருந்ததோ, தோலில் துளையிட்டுக் குழல் வழியே கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் அறுவையான லைப்போசக்‌ஷன். விளம்பரங்களில் எத்தனையோ முறை பார்த்துப் பொறுத்துக்கொண்ட இச்சொல்லை, கையெழுத்து கேட்கும் தாளில் பார்த்தபோது பொறுக்க முடியவில்லை.

'லிபோஸ்' என்றால் கிரேக்கத்தில் கொழுப்பு. பின்பகுதி, உறிஞ்சுதலைக் குறிக்கும் இலத்தீன் வினையிலிருந்து வந்தது. 1970களில் ரோமில் ஃபிஷர் என்னும் தந்தையும் மகனும், பின்னர் பாரிசில் இல்லூஸ் என்பவரும் இம்முறையை உருவாக்கினார்கள். மூலச்சொல்லில் கரைத்தல் என்ற பொருள் எங்குமே இல்லை.

தமிழில் கரைதல் என்பது உப்பு நீரில் கரைவதைப் போல, காயமோ வடுவோ இன்றி ஒன்று மெல்ல இல்லாமல் போவது. 'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்று கேட்டு வளர்ந்த காதுக்கு, கொழுப்பைக் கரைப்பது கொள்ளு ரசத்தின் வேலை. அடுப்பங்கரையின் அந்த நம்பிக்கையை அறுவை அரங்குக்கு இரவல் வாங்கித் தருவதுதான் இச்சொல் செய்யும் தீங்கு. உள்ளே ஒரு கரைசலைச் செலுத்துகிறார்களே, அதனால் கரைப்பு என்பது பொருந்தாதா என்று ஒரு மொழிபெயர்ப்பாளர் என்னிடம் வாதிட்டார். பொருந்தாது. 1980களில் அமெரிக்கத் தோல் மருத்துவர் கிளைன் வகுத்த முறைப்படி செலுத்தப்படும் அந்த உப்புநீரில் இருப்பவை லிடோகேயினும் எபிநெஃப்ரினும். முன்னது மரத்துப்போகச் செய்யும், பின்னது இரத்தக் குழாய்களைச் சுருக்கிக் குருதிப்போக்கைக் குறைக்கும். கொழுப்பை அவை கரைப்பதில்லை. தோலில் இட்ட துளை வழியே உலோகக் குழலை நுழைத்து, முன்னும் பின்னுமாக இயக்கிக் கொழுப்பைப் பெயர்த்து உறிஞ்சுகிறார்கள். உண்மையிலேயே கொழுப்பணுக்களை அழிக்கும் ஊசிமருந்து ஒன்று தனியே இருக்கிறது: தாடைக்குக் கீழுள்ள கொழுப்புக்கென 2015இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற டீஆக்சிகோலிக் அமிலம். 'கரைப்பு' என்ற சொல்லை அதற்கு விட்டுவைக்க வேண்டும்.

'கொழுப்பு நீக்கம்' தவறில்லை. ஆனால் கொழுப்பு நீக்கிய பால் கடைதோறும் கிடைக்கும் நாளில் அது அறுவையைச் சுட்டாது. கொழுப்பைக் குறிக்கும் பழந்தமிழ் 'நிணம்' எனக்குப் பிடித்த சொல்தான். எனினும் நிணநீர், நிணநீர்க்கணு என்று அது வேறிடத்தில் வேரூன்றிவிட்டது. ஆகவே 'கொழுப்புறிஞ்சல் அறுவை' என்பதே என் முடிவு. குற்றியலுகரம் கெட்டு இயல்பாகப் புணரும் சொல். செய்வதையும் அப்படியே சொல்கிறது.

அதே படிவத்தில் 'பக்க விளைவுகள்: வீக்கம், வலி, தற்காலிக மரப்பு' என்று ஒரே வரி இருந்தது. பக்க விளைவு என்பது மருந்தைச் சார்ந்த சொல். அறுவையில் நேரும் கேட்டைச் சிக்கல் என்றும், அது நேரக்கூடிய வாய்ப்பை இடர் என்றும் சொல்ல வேண்டும். குழல் வயிற்றுச் சுவரைத் தாண்டிக் குடலைத் துளைப்பது, காலில் உறைந்த இரத்தக்கட்டி நுரையீரலுக்குச் சென்று அடைப்பது, கொழுப்புத் துகள் குருதியில் கலப்பது, திசுக்களை அழிக்கும் கடுந்தொற்று ஆகியவை சிக்கல்கள். லிடோகேயின் மிகுந்தால் வலிப்பு வரலாம், இதயத் துடிப்பு குலையலாம். இரத்தத்தில் அதன் அளவு உச்சத்தை எட்டுவது பல மணி நேரம் கழித்து, நோயாளி வீடு திரும்பிய பிறகாகவும் இருக்கலாம். 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு ஏறத்தாழ 5 லட்சம் அறுவைகளில் 95 இறப்புகளைக் கணக்கிட்டது; அதாவது சுமார் 5,000 பேருக்கு ஒருவர். இறப்புக் காரணங்களில் முதலிடம் நுரையீரல் இரத்தக்கட்டி அடைப்புக்கு. இவற்றுள் ஒன்றுகூட அந்தத் தமிழ்ப் படிவத்தில் இல்லை. ஆங்கிலப் படிவத்திலோ ஒரு பக்கம் முழுக்க இருந்தது. விளம்பரம் எழுதும் கையாலேயே ஒப்புதல் படிவத்தையும் எழுதுகிறார்கள். ஆங்கிலம் அறியாதவர் எதற்குக் கையொப்பமிடுகிறார் என்று மொழிபெயர்ப்பாளர் ஒரு கணமாவது எண்ணிப் பார்த்திருக்க வேண்டாமா?

தலைப்பை அடித்து, 'கொழுப்புறிஞ்சல் அறுவை: இடர்களும் சிக்கல்களும்' என்று எழுதி, ஆங்கிலப் பக்கத்தை வரிவரியாகத் தமிழில் சொன்னேன். குடல் என்ற சொல் வந்ததும் அவள் பேனாவை மூடி வைத்துவிட்டு, "இதையெல்லாம் மருத்துவரிடம் கேட்டுவிட்டு வருகிறேன் சித்தப்பா" என்றாள்.